காரணம் சொல்லாமல் கழற்றிய சட்டை

என்னைப் பார்க்க வருகிற புதிய பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஐயா, நீங்க குதிச்சதுலயே பெரிய உயரம் எது?" இத்தனை அடி என்று நான் சொன்னால் உடனே போனைத் தட்டி, இன்னொருவர் அதைவிடப் பத்தடி கூடக் குதித்திருக்கிறார் என்று எனக்கே காட்டுவீர்கள். அந்த வம்பு வேண்டாம். நான் குதிக்காமல் விட்ட ஓர் உயரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இடுப்பு, இரண்டு விலா, இடது கைச் சுண்டுவிரல் எல்லாம் குதித்ததில் போனவை. கொஞ்சம் புத்தி வந்தது அந்தக் குதிக்காத நாளில்தான்.

இப்போது உங்களுக்கு இடுப்பில் கம்பிக் கயிறு இருக்கிறது, கீழே காற்றுப்பை இருக்கிறது, பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. எங்களுக்கு வைக்கோலும் பழைய மெத்தையும்தான். இதைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் படுகிறேன், அவ்வளவுதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் கயிற்றாலோ காற்றுப்பையாலோ தீர்கிறது இல்லை. வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைப் பற்றியது அது.

நான் அந்தமானில் வளர்ந்தவன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பதுகளில் எங்களையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்குக் கப்பலேறி, பிறகு லாங் ஐலண்டில் மர டிப்போ வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். மீசை முளைத்ததும் நானும் அங்கேதான். காட்டிலிருந்து வருகிற பெரிய மரங்களைக் கடலில் தள்ளி, மிதக்கவிட்டு, தெப்பமாகக் கட்டுவார்கள். உருளுகிற கட்டை மேல் ஓடி ஓடிக் கட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். அந்த ஓட்டத்தை நம்பித்தான் அறுபதுகளின் நடுவில் மதராஸுக்கு வந்து ஸ்டண்ட் கோஷ்டியில் சேர்ந்தேன். அந்தோணி என்ற என் பெயரை ஒரே வாரத்தில் மறந்துவிட்டு எல்லோரும் 'அந்தமான்' என்றே கூப்பிட்டார்கள். "யாரக் கொன்னுட்டு அங்க போனீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. ரெண்டு பேரை என்று நானும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாஸ்டரின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போகிற கதையில் அவருடைய தவறும் கொஞ்சம் இருக்கிறது, பதில் சொல்ல அவர் இப்போது இல்லை. கோபம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிற மனிதர். அவரிடம் மூன்று வழக்கங்கள் இருந்தன. அவர் சிவப்புக் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துவிட்டால், குதிக்கிறவன் கீழே வந்து சேரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. டைரக்டராக இருந்தாலும் அதுதான் சட்டம். பிறகு அவர் மெதுவாக மூன்று எண்ணுவார். 'ரெண்டு' என்கிறபோது குதிக்கிறவன் ஒரே ஒரு தடவை தான் விழப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். 'மூணு' என்றால் பார்க்காமல் போய்விட வேண்டும்.

மூன்றாவது வழக்கம் சட்டை. ஹீரோவுக்குத் தைப்பதுபோலவே டூப்புக்கும் ஒரு சட்டை தைப்பார்கள். அதைப் போட்டிருப்பவன்தான் அன்றைக்குக் குதிக்கிறவன். அவனுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சட்டையைக் கழற்றி, மடித்து, மாஸ்டரின் நாற்காலியில் வைத்துவிட்டுப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. "காரணத்தச் சொன்னா அடுத்தவனுக்கும் ஒட்டிக்கும்டா" என்பார் மாஸ்டர். மற்ற கோஷ்டிகளில் தயங்கியவனைப் புடவை கட்டிக்கொள்ளச் சொல்லி விரட்டிய காலம் அது. எங்களுக்கு இந்த வழக்கம் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இப்போது கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாசர்பாடிக்காரன். என்னைவிட நாலு விரல் குட்டை, என்னைவிட இரண்டு மடங்கு தைரியம். மதராஸில் எனக்கு முதல் நாள் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவன். ஒரு ஸ்டுடியோவில் மாடி முகப்பிலிருந்து மெத்தை மேல் அவன் குதிக்க வேண்டியிருந்தது. கைக்குட்டை மேலே போய்விட்டது, மாஸ்டர் 'ரெண்டு' சொல்லிவிட்டார். அப்போதுதான் மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு விளக்குத் தாங்கியின் இரும்புக்கால் நீட்டிக்கொண்டிருப்பது என் கண்ணில் பட்டது. "டேய் கோதண்டம்!" என்று கத்திவிட்டேன். அவன் ஒரு கால் ஏற்கெனவே விளிம்பை விட்டிருந்தது. என் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தபடியே விழுந்தான். மெத்தையின் ஓரத்தில் பட்டு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று.

அந்த இரும்புக்கால் அவன் வழியிலேயே இல்லை. ஒரு கை தூரம் தள்ளி இருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அவன் இறங்கி வந்து டீ குடித்திருப்பான். ஆஸ்பத்திரியில் போய் அழுதேன். "உட்றா, ஆனது ஆய்ப்போச்சி" என்றான். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து நடந்து வந்தான். கொஞ்சம் சாய்ந்த நடை. அதற்குப் பிறகு அவனை யாரும் மேலே ஏற்றவில்லை. கூட்டச் சண்டையில் அடி வாங்கி உருளுகிற வேலை மட்டும்தான். உயரம் குதிக்கிறவன் என்ற பெயர் இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அவனிடமிருந்து போய்விட்டது, போக வைத்தவன் நான். "ஒரே ஒரு தபா மேலர்ந்து குதிச்சிட்டா போதும்டா அந்தமான். கால் நல்லாய்டுச்சின்னு எல்லாரும் ஒத்துக்குவானுங்கோ" என்று அடிக்கடி சொல்வான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கலர் படத்துக்காக எங்கள் கோஷ்டி அந்தமான் போனது. ஹீரோவுக்கு டூப்பாக நான். மாஸ்டரிடம் கெஞ்சிக் கோதண்டத்தையும் சேர்த்துவிட்டேன். "தரைச் சண்டைக்கு மட்டும். மேல ஏத்தினா நீதான் பொறுப்பு" என்று சொல்லித்தான் சம்மதித்தார். நாலு நாள் கப்பல். ஹீரோ மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. போர்ட் பிளேரில் சில காட்சிகளை முடித்துக்கொண்டு, அங்கிருந்து மோட்டார் படகில் லாங் ஐலண்டுக்குப் போனோம். ஜெட்டி என்று நாங்கள் சொல்கிற படகுத்துறையில் என் அக்காவும் அத்தான் பனிமயமும் நின்றிருந்தார்கள். அத்தான் டிப்போவில் மரம் இழுக்கிற படகை ஓட்டுகிறவர். சினிமாக்காரனாக நான் இறங்கிய அழகைப் பார்க்கப் பழைய கூட்டாளிகள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் ஹிந்தியில் கூப்பிட்டதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த மிதப்பையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சி இதுதான். வில்லன் ஆட்கள் துரத்த, ஹீரோ ஜெட்டியின் ஓரத்தில் உள்ள மர மேடையில் ஏறிக் கடலில் குதிக்கிறார். ஜெட்டியின் தளத்திலிருந்து மூன்று ஆள் உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். மரப்பட்டையும் தூளும் ஊறி, டிப்போ ஜெட்டியைச் சுற்றியுள்ள தண்ணீர் எப்போதும் டீ நிறத்தில்தான் இருக்கும். அடி தெரியாது. முங்கிப்போன கனத்த கட்டைகள் அங்கங்கே கிடக்கும்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, மொத்த யூனிட்டும் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. கயிறு இரண்டு பாகம் நனைந்திருந்தது. மூழ்கியும் பார்த்தேன். அடியில் ஒரு கட்டை கிடந்தது. அவ்வளவு தண்ணீரில் அது ஒரு பொருட்டே இல்லை.

"ரெண்டு பாகம் மாஸ்டர்!" என்று தண்ணீரில் இருந்தபடியே கத்தினேன். "கண்ண மூடிக்கிட்டுக் குதிக்கலாம். இது எங்க தண்ணி."

கைதட்டினார்கள். மேலே நின்ற கோதண்டமும் தட்டினான்.

குதி பத்து மணிக்கு நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹீரோவின் வயிறு இன்னும் கடலிலேயே இருந்தது. அவர் ஓடி வந்து மேடையில் கால் வைக்கிற ஷாட்டை முதலில் எடுக்க வேண்டும், அவரோ இரண்டு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். எலுமிச்சம்பழம், சோடா, விசிறி. மதியச் சாப்பாடு முடிந்தது. அவர் பங்கை எடுத்து முடிக்கும்போது மூன்றரை மணி. மறுநாள் மத்தியானம் எங்களைத் திரும்பக் கூட்டிப்போகப் படகு வருகிறது. வெயில் சாய்வதற்குள் குதியை எடுத்துவிட வேண்டும் என்று டைரக்டர் பறந்தார். நான் நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது அத்தான் தன் படகை ஜெட்டிப் படியில் கட்டிவிட்டு மேலே வந்தார்.

"என்ன மாப்ள, இன்னும் குதிக்கலியா? காலைலயே கதம் பண்ணிருப்பியன்னுல்லா நெனச்சேன்."

"இப்பத்தான் அத்தான், பத்து நிமிசத்துல."

"பத்து நிமிசத்துலயா? பாட்டா அடிச்சி ரொம்ப நேரம் ஆச்சே. இன்னைக்கி பூர்ணிமா வேற. மெயின்லேண்டு போனதும் பானி ஏறுறது எறங்குறதெல்லாம் மறந்துபோச்சா? தூணப் பாரு."

கடல் வற்றுவதைத் தீவில் நாங்கள் பாட்டா என்போம், ஏறுவதை ஜுவார் என்போம். பெங்காலியோ தமிழனோ எல்லோருக்கும் அதே வார்த்தைதான். பௌர்ணமி அன்று காலையில் எவ்வளவு ஏறுகிறதோ, சாயங்காலம் அவ்வளவு இறங்கும். மதராஸ் கடற்கரையில் நிற்பவனுக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெட்டித் தூணைப் பார்த்தேன். காலையில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த ஈரக் கோடு, இப்போது தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே சிப்பி ஒட்டிய தூண் வெறுமனே நின்றது. இரண்டு பாகத்தில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. கீழே அந்தக் கட்டை இருக்கிறது.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் அந்த இடத்திலேயே, "மாஸ்டர், தண்ணி வத்திடுச்சு" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கலாம் என்று கத்தியவன் நான். பழைய கூட்டாளிகள் மரக்கட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்க தண்ணி என்று பீற்றிய வாயால் எனக்கே மறந்துபோச்சு என்று எப்படிச் சொல்வது? வெட்கம். வேறு ஒன்றும் இல்லை. அந்த வெட்கத்தை மூடிக்கொள்ள எனக்கு ஒரு நல்ல வழக்கம் கையில் இருந்தது. சட்டையைக் கழற்றினேன், மடித்தேன், மாஸ்டரின் நாற்காலியில் வைத்தேன். மாஸ்டர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. குதி இன்றைக்கு இல்லை என்று ஆகிவிடும், வேறு டூப்பே கிடையாதே என்று நினைத்துக்கொண்டேன். கௌரவமாக நடந்துகொண்டதாகக்கூடத் தோன்றியது. அத்தானோடு ஜெட்டிப் படிகளில் இறங்கி, அவர் படகில் இருந்த குடத்துத் தண்ணீரைக் குடித்தேன்.

குடித்துவிட்டு நிமிர்ந்தபோது மேலே சத்தம் நின்றுபோயிருந்தது.

மேடையின் விளிம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அதற்குள் கோதண்டம். மாஸ்டரின் கையில் சிவப்புக் கைக்குட்டை மேலே போய்விட்டது.

தொண்டை வரைக்கும் அவன் பெயர் வந்தது. வந்து நின்றுவிட்டது. கடைசியாக நான் அவன் பெயரைக் கத்தியபோது என்ன நடந்தது என்று என் உடம்புக்குத் தெரியும். அவன் நிற்பது விளிம்பில். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் சாய்வான், சாய்ந்தால் ஜெட்டியின் சிமென்ட் ஓரம். கூப்பிடாவிட்டால் அந்தக் கட்டை. மாஸ்டரின் முகம் எனக்குத் தெரியவில்லை, மேடையின் மறுபக்கம் நின்றிருந்தார். அவருக்கும் நான் தெரியவில்லை. குதிக்கிறவன் மூச்சைச் சீராக்கிக்கொள்ள அவர் எப்போதும் கொஞ்ச நேரம் கொடுப்பார். அந்தக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

'ரெண்டு' என்றதும் அவன் கீழே பார்ப்பான். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

படியிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கினேன். ஆறேழு வீச்சு. "ஒண்ணு" கேட்டது. காலால் துழாவி அந்தக் கட்டையைப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் சேற்றில் ஊன்றி நின்றேன். தண்ணீர் என் கழுத்துவரைதான் இருந்தது. காமிராக்காரர் என்னைப் பார்த்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். கைக்குட்டை மேலே இருந்ததால் அவரும் வாயைத் திறக்கவில்லையாம். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அசையாமல் நின்றேன். மாதாவே, இவன் கீழே பார்க்கட்டும் என்பதைத் தவிர மனதில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு."

பார்த்தான். நீந்துகிறவன் தலை ஆடும், நிற்கிறவன் தலை ஆடாது. அவனுக்கு அது புரிந்த விநாடியை நான் கீழிருந்து பார்த்தேன். உடம்பு முன்னால் வந்துவிட்டது. ஒரு கை பின்னால் போய் மேடைக்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கிலைப் பிடித்தது. மேடை ஆடியது.

"மூணு" என்றார் மாஸ்டர்.

கோதண்டம் குதிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெட்டியில் எழுந்த கூச்சலைச் சொல்ல வேண்டாம். டைரக்டர் என் தாய் தகப்பனை எல்லாம் விசாரித்தார். கோதண்டம் மேடையிலிருந்து இறங்கி, சாய்ந்து சாய்ந்து படிகளில் வந்து, சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். என்னை அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் அவன் குதியைக் கெடுத்துவிட்டேன் அல்லவா. அடிக்கட்டும் என்று நின்றேன்.

"இன்னாடா இது?" என்றான்.

"காலைல பாத்த ஆழம் இப்ப இல்ல. வத்திப்போச்சு. கீழ கட்டை கெடக்கு. நின்னு பாரு."

நின்றான். தண்ணீர் அவன் உதட்டில் வந்து முட்டியது. காலால் தேடி, கட்டையைத் தொட்டுப் பார்த்தான். நல்லதாக இருந்த காலாலும் தொட்டான், உடைந்த காலாலும் தொட்டான். பிறகு முகத்தை அண்ணாந்து மேடையைப் பார்த்தான்.

"அப்போ இத்துக்காவத்தான் சட்டையக் கய்ட்னியா?"

"வேற எதுக்குன்னு நெனச்ச?"

மிதந்த சட்டை நுனியைப் பிடித்துப் பார்த்தான்.

"எனுக்கோசரம் உட்டுக்குட்த்தேன்னு நெனச்சேண்டா" என்றான். "கால ஒட்ச்சதுக்கு பதிலா இந்தா ஒரு சான்சுன்னு நீ எனுக்குக் குட்த்தேன்னு. டைரக்டரு அவசரப்பட்டாரு, நானே சட்டைய எட்த்து மாட்டிக்கினேன், மாஸ்டரும் தட்க்கல. நீதான ரெண்டு பாகம்னு சொன்ன, நம்பிக்கினு ஏறினேன். மேல நின்னுகினு உன்ன மன்னிச்சிட்டேண்டா நானு."

அந்தமான் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டுத்தான் ஒருவனைக் கொல்லப் பார்த்தேன், அதற்குப் பிறகு வெட்கம் எதற்கு?

ஜெட்டியில் ஏறியதும் மாஸ்டர் கேட்டார். "ஏண்டா, தண்ணி வத்திருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கழட்டுனா காரணம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான மாஸ்டர்..."

அவர் நாற்காலியைப் பார்த்தார். அதில் சட்டையின் மடிப்புகூட இல்லை, காலியாக இருந்தது. கைக்குட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தார். "இனிமே கழட்டுறவன் சொல்லிட்டுக் கழட்டட்டும். ஒட்டிக்கிட்டா ஒட்டிக்கட்டும்" என்றார். எனக்காக டைரக்டரிடம் அவர் பரிந்து பேசவில்லை. நேராக அத்தானிடம் போய், நாளைக்குக் கடல் எத்தனை மணிக்கு நிறைய ஏறும் என்று கேட்டார்.

பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். ஓர் இடம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் சொன்ன 'ஓகே' சாயங்காலம்வரை செல்லும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் காற்று மாறும், கயிறு தளரும், மனிதன் களைப்பான். இன்னொன்று, வேண்டாம் என்று ஒதுங்கும்போது காரணத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். கௌரவமாக விலகிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கழற்றிய சட்டை அங்கேயே கிடக்கும். உங்கள் மேல் நம்பிக்கை வைத்த ஒருவன் அதை எடுத்துப் போட்டுக்கொள்வான். இந்தத் தொழிலில் நாம் பயத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை, அதுதான் நம்முடைய பெரிய கெட்ட பழக்கம்.

மறுநாள் காலை ஜெட்டியில் எல்லோரும் கூடினார்கள். சூரியன் எதிர்ப்பக்கம் இருந்ததால் காமிராவை இடம் மாற்றியிருந்தார்கள். கோதண்டம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தான். எங்கள் வழக்கப்படி சட்டை முதல் ஆளுக்குத்தான் திரும்பி வரும். மாஸ்டர் அதை என்னிடம் கொடுத்தார், போட்டுக்கொண்டேன். தண்ணீரில் இறங்கிக் கயிறு விட்டுப் பார்த்து, மேலே வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று சட்டையைக் கழற்றினேன்.

"மணி பத்து பத்து" என்றேன். "ரெண்டு பாகம் தண்ணி இருக்கு. பதினொண்ணு வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் நான் சொன்னத நம்பாதீங்க. எனக்கு இன்னைக்குப் பயமில்ல மாஸ்டர். கோதண்டம் குதிக்கணும். அதுக்காகக் கழட்டுறேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், கோதண்டத்தின் காலைப் பார்த்தார். சட்டையை வாங்கி, நாற்காலியில் வைக்காமல், தானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தார். நேற்றைய ஈரம் இன்னும் காயாத சட்டை.

கோதண்டம் ஏறினான். என் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குட்டை மேலே போயிற்று. 'ரெண்டு' என்றதும் கீழே பார்த்தான். அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. 'மூணு' என்றதும் போய்விட்டான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஏழு எண்ணுவதற்குள், தலையில் மரப்பட்டையோடு வெளியே வந்தான். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, ஜெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"அந்தமான்! கால் தரைல படவே இல்லடா!"

நான் படியில் சட்டையில்லாமல் நின்று அவனுக்குக் கை நீட்டினேன்.